மோட்டார் கப்பலில் வரட்டும்; ஞாபகப் பொருள் கையோடு வரட்டும்!

புது மோட்டார் வாங்குகிறவர்கள் அதைக் கடை வாசலிலிருந்து வீட்டுக்கு ஓட்டிச் செல்வதே எங்கும் காணும் வழக்கம். அமெரிக்கர்களில் ஒரு சாராரிடம் நெடுங்காலமாக வேறொரு வழக்கமும் இருந்து வந்தது. சொந்த ஊரிலேயே விலையைக் கட்டிவிடுவார்கள். பிறகு ஜெர்மனிக்கோ ஸ்வீடனுக்கோ விமானமேறிச் சென்று, அங்கே வண்டியைப் பெற்று, அதிலேயே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றி முடிந்ததும் வண்டியைக் கப்பலேற்றிவிட்டுத் தாங்கள் விமானத்தில் திரும்புவார்கள். மியூனிக் நகரில் 2007-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ மாளிகையில், இவ்வாறு வண்டியை ஒப்படைப்பது ஒரு சிறிய கல்யாண வைபவம் போலவே நடைபெற்றது. அமெரிக்கர்களுக்கான இந்த ஏற்பாட்டை அக்கம்பெனி 2020-இல் நிறுத்திவிட்டது. ஆயினும், வெளிநாட்டில் வண்டி வாங்கி, ஓட்டி மகிழ்ந்து, கப்பலில் ஊருக்கு அனுப்பும் குடும்பங்கள் இல்லாமற் போய்விடவில்லை. அவர்கள் எல்லோருக்கும் கடைசி நாளன்று ஒரே சங்கடந்தான்: வழியெல்லாம் சேர்த்த ஞாபகப் பொருள்களை என்ன செய்வது?

வண்டியின் பின்பெட்டியோ காலியாக இருக்கிறது. வண்டியும் நம் வீட்டுக்குத்தானே வருகிறது? கடிகாரத்தையும் பீங்கானையும் அதிலேயே போட்டுப் பூட்டிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இந்த யோசனை சுலபமானது, ஆனால் ஆபத்தானது.

மோட்டார்களை ஏற்றும் கப்பல் ஒரு மிதக்கும் பல மாடிக் கொட்டகை என்றே சொல்லலாம். ஜெர்மனியின் பிரெமர்ஹாவன் துறைமுகத்தில் வண்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் கொண்டுபோய் அதன் தட்டுகளில் நிறுத்துகிறார்கள். ஓட்டுவதற்குச் சாவி வேண்டும். ஆகவே, சாவி பல கைகள் மாறுகிறது. பூட்டிய வண்டி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. காரைச் சாமான் பெட்டியாக உபயோகிக்காதீர்கள் என்று அமெரிக்கச் சுங்க இலாகாவே எச்சரிக்கிறது. உள்ளிருக்கும் பொருள் களவு போகலாம். சாமான் இருந்தால் கப்பல்காரர் வண்டியையே ஏற்க மறுக்கலாம். ஏற்றாலும் ஒவ்வொரு பொருளையும் சுங்கத்தில் அறிவித்தாக வேண்டும். இவையே அவர்கள் கூறும் காரணங்கள். வண்டிக்குச் செய்த இன்ஷூரன்ஸும் உள்ளே கிடக்கும் சொந்தச் சாமான்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

கையில் கொண்டுவருவதில் லாபமும் உண்டு. ஊர் திரும்பும் அமெரிக்கவாசி தம்முடன் எடுத்துவரும் பொருள்களில் சாதாரணமாக 800 டாலர் மதிப்பு வரைக்கும் தீர்வை கிடையாது. தனியே கப்பலில் வரும் பொருளுக்குப் பொதுவாக இந்தச் சலுகை இல்லை.

தின்பண்டங்களில் மட்டும் சற்று ஜாக்கிரதை வேண்டும். ஸ்விஸ் சாக்லேட்டுக்குத் தடையில்லை. மாமிசப் பண்டங்களோ பெரும்பாலும் பறிமுதலாகும். ஓட்டுக்குள்ளே பொம்மையை மறைத்து வைத்த சாக்லேட் முட்டையும், 1938-ஆம் வருஷத்து உணவுச் சட்டத்தின்படி அந்நாட்டில் நுழைய முடியாது! குழந்தைக்கு ஆசை காட்டிவிட்டுச் சுங்கச் சாவடியில் அழவிடுவானேன்?

வண்டியின் அடியில் ஒட்டிய சேற்றையும் ஞாபகமாக விட்டுவைக்க இயலாது. அன்னிய மண்ணோடு பயிர் நோயும் பூச்சியும் வந்து சேரும் என்பதால், கப்பலேற்றுமுன் அடிப்பாகத்தை நீராவியாலோ வேறு வகையிலோ நன்றாகச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். மலையடியில் குழந்தை பொறுக்கிய கூழாங்கல்லையும் மண் போகக் கழுவிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்.

இனி, வண்டியோடு ஒட்டிப் பிறந்த ஞாபகங்கள் சில உண்டு. அவற்றில் முதன்மையானது ஜெர்மானியர் ஏற்றுமதி வண்டிக்குத் தரும் நம்பர் பலகை. அதன் வலது ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒன்று இருக்கும். அந்தப் பலகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதை அதில் பொறித்திருப்பார்கள். யாத்திரை நடந்த காலத்தைத் தானே சொல்லும் இதைவிடச் சிறந்த சின்னம் ஏது? வண்டியை ஒப்படைக்கும்போதே, "பலகையைக் கழற்றிக் கொள்ளலாமா, அல்லது வண்டியோடு வருமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்வது நலம்.

அடுத்தது, முன் கண்ணாடியில் ஒட்டும் சாலை வரிச் சீட்டு. ஸ்விட்ஸர்லாந்தில் 1985 முதலும் ஆஸ்திரியாவில் 1997 முதலும் இது வழங்கி வருகிறது. உரித்தால் கிழிந்துபோகும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். ஒருவர் சீட்டை மற்றவர் உபயோகிக்கக் கூடாதல்லவா? எனவே, உரிப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்வதுதான் வழி. இரு நாடுகளிலும் இப்போது மின்னணு முறையும் வந்துவிட்டபடியால், காகிதச் சீட்டின் அருமை இன்னும் கூடிவிட்டது. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்ணையும் அப்படியே படம் பிடித்து வைக்கலாம்.

நம்மவர் காசிக்குப் போனால், கங்கா தீர்த்தச் செம்பைச் சாமான் மூட்டையோடு போட்டு அனுப்புவதில்லை. மடியில் வைத்தே கொண்டு வருகிறார்கள். செம்பு நசுங்கினால் வேறு செம்பு வாங்கலாம். அந்தத் தீர்த்தத்தை எந்தக் கடையில் வாங்குவது? வண்டிக்கும் ஞாபகப் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. கீறல் விழுந்த மோட்டாருக்குக் கம்பெனி வர்ணம் பூசிக் கொடுக்கும். இன்ஷூரன்ஸ்காரர் பணமும் கொடுப்பார். தாயும் தந்தையும் குழந்தைகளுமாகக் கழித்த அந்தச் சில நாட்களுக்கு ஈடு கொடுப்பார் யாருமில்லை. ஆகையால், விலை உயர்ந்ததைக் கப்பலில் விடலாம். விலை இல்லாததைக் கையை விட்டு விடலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.