‘மருந்து இல்ல டாக்டர், வெறும் சத்து மாத்திரைதான்!’

“என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால், சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். “வேற எதுவும் இல்லையா?” “இல்ல டாக்டர்.” கூட வந்திருக்கும் மருமகள்தான் மெல்ல எடுத்துக்கொடுப்பார்: “அந்தப் பச்சை டப்பாவைச் சொல்லுங்க மாமா.” மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். “அது மருந்தாம்மா? சத்து மாத்திரை!”

இந்த உரையாடல் என் அறையில் வாரத்துக்கு நாலு முறையாவது நடக்கிறது. டப்பாவின் நிறம்தான் மாறும்.

வாரம் ஒன்று, தினம் ஒன்றானபோது

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை வாந்தி, மலச்சிக்கல், குழப்பமான பேச்சு என்று அழைத்து வந்தார்கள். மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். ரத்தத்தில் கால்சியமும் கிரியாட்டினினும் பார்த்தோம். இரண்டும் எகிறியிருந்தன.

கிண்டிக் கேட்டதில் கதை வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மூட்டுவலிக்காக எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை, சீட்டைக் காட்டி இவரும் வாங்கியிருக்கிறார். வாரம் ஒன்று போட வேண்டியதை, சீக்கிரம் குணமாகட்டும் என்று தினம் ஒன்றாக இரண்டரை மாதம் விழுங்கியிருக்கிறார். ஒரு பெரியவருக்கு ஒரு நாள் தேவை சுமார் 600 யூனிட்தான். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது.

பி, சி வகை வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி, ஈ, கே அப்படியல்ல, கொழுப்பில் தங்கிவிடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் அவருக்குக் கால்சியம் இறங்க வாரக்கணக்கில் ஆனது. சிறுநீரகம் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம். என் திறமை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

“இயற்கைதானே, என்ன பண்ணிடும்?”

எட்டிக்கொட்டையும் இயற்கைதான். அரளி விதையும் இயற்கைதான். கிராமத்தில் வளர்ந்த நமக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் டப்பாவில் ‘ஹெர்பல்’ என்று பார்த்துவிட்டால் அந்தப் பாட்டி அறிவெல்லாம் எங்கோ போய்விடுகிறது.

கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடிக்காத தெரு இல்லை. 2020 செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் மும்பையில் ஆறு பேர் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிப்போடு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பிறகு நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் அப்படி 43 பேர். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் போலவே இருக்கும் வேறு வகைக் கொடியாக இருக்கலாம் என்றது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வல்லுநர்களே குழம்பக்கூடிய கொடியை வேலியோரத்தில் பறித்து, அளவு பார்க்காமல் காய்ச்சி, மாதக்கணக்கில் குடிப்பது எந்த ஊர் வைத்தியம்? முறையாகப் படித்த சித்த மருத்துவர் யாரும் இப்படிக் கொடுக்க மாட்டார்.

மஞ்சளைச் சொன்னால் என் வீட்டிலேயே சண்டை வரும். குழம்பில் போடும் மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. கேப்ஸ்யூலில் இருப்பது அது அல்ல. மஞ்சளின் சாரத்தைச் செறிவாக்கி, உடல் அதை அதிகம் உறிஞ்ச வேண்டும் என்பதற்காக மிளகின் சாரத்தையும் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன. அமெரிக்காவில் இப்படி மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி 2022-ல் ஆய்வே வந்தது. சமையலறைப் பொருளின் பெயர் இருப்பதாலேயே அது சமையலறைப் பொருள் ஆகிவிடாது.

இன்னொன்று பயோட்டின். முடி கொட்டுகிறது என்று பெண் பிள்ளைகள் வாங்கி விழுங்குகிறார்கள். உடம்புக்குப் பெரிய கெடுதி இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையை ஏமாற்றும். தைராய்டு முடிவு தாறுமாறாக வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவை இது குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ 2017-ல் எச்சரித்தது. அப்படி ஒரு மரணமும் நிகழ்ந்திருந்தது.

ஜிம் டப்பாவில் இருப்பது

கல்லூரிப் பையன் ஒருவன் மஞ்சள் காமாலையோடு வந்தான். முதல் பத்து நாள் கீழாநெல்லி, பத்தியம், பக்கத்து ஊரில் மந்திரிப்பு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் என் முறை. ஜிம் மாஸ்டர் கொடுத்த இரண்டு டப்பாக்களை அவன் காமாலை வந்த பிறகும் நிறுத்தவில்லை. “தெம்பா இருக்கணும்ல சார்!”

புரோட்டீன் பவுடரில் நடக்கும் தில்லுமுல்லு எளிமையானது. வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்கிறது. எனவே மலிவான கிளைசினையோ டாரினையோ கலந்துவிட்டால் காகிதத்தில் புரதம் ஏறிவிடும். 2008-ல் சீனாவில் பால்பவுடரில் மெலமைன் கலந்ததும் இதே கணக்கில்தான்.

கேரள மருத்துவர்கள் தலைமையில் இந்தியச் சந்தையின் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீதம் டப்பாக்களில் புரத அளவு சரியாகக் குறிப்பிடப்படவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது.

60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் நிலக்கடலையில் 25. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

“எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நம்பர் இருக்கே டாக்டர்!” இருக்கட்டும். அந்த 14 இலக்க எண், நிறுவனம் உணவு உரிமம் வைத்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. உங்கள் கையில் உள்ள டப்பாவைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணில் இது உணவு வகை. அதனால்தான் பொடி எழுத்தில் ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். எண்ணே இல்லாத டப்பாவை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும், உயரத்தைக் கூட்டும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். லைட் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ‘ஒரே மாதத்தில் 10 கிலோ குறைக்கலாம்’ நோட்டீஸைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்திக் கிழித்துவிடலாமா என்று இருக்கிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். ‘சிறப்புக் கலவை’ என்று மொத்தமாகப் போட்டிருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். நிறுவனம் ஆய்வறிக்கை காட்டினால், அதிலுள்ள பேட்ச் எண்ணும் உங்கள் டப்பாவின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். விளம்பரத்துக்காக ஒரே அறிக்கையை வருடக்கணக்கில் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டு வீரர்கள் ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’ போன்ற வெளிச் சான்று உள்ளதா என்று தேடலாம். அவர்கள் தளத்திலேயே பேட்ச் எண்ணைச் சரிபார்க்க முடியும். பில் கட்டாயம் வாங்குங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

யாருக்குத் தேவை?

தேவைப்படுகிறவர்கள் உண்டு. முட்டை, பால்கூடச் சேர்க்காத சைவர்கள், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்கள், இவர்களுக்கு பி12 குறையும். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் அவசியம். அந்த மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். அதை அலமாரியில் போட்டுவிட்டு, டிவியில் பார்த்த இரண்டாயிரம் ரூபாய் டப்பாவை வாங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வருகிறது.

கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் சேர்ந்து வயிற்றுக்குள் போகக் கூடாது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வார்ஃபரின் போடுகிறவர்கள் வைட்டமின் கே உள்ள எதையும் கேட்காமல் தொடாதீர்கள்.

பையோடு வாருங்கள்

உங்களைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் டப்பா, பொடி, கஷாயப் பாட்டில், உறவுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்து என் மேசையில் கொட்டுங்கள். பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான் படித்துக்கொள்கிறேன். திட்ட மாட்டேன். திட்டினாலும் ஒரு நிமிடம்தான்.