மஞ்சள் நிறம் வந்தால் போதுமா?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேல்நிலைத் தொட்டிகளைக் கழுவி, குளோரின் அளவைச் சரிபார்த்து முடிக்க வேண்டும் என்ற கெடு வழக்கம்போல் நெருங்குகிறது; வாசகர் கடிதங்களும் வந்து குவிகின்றன. பெரும்பாலான கடிதங்களில் இரண்டே கேள்விகள்தான். ‘குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை தூக்கலாக இருக்கிறதே, குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்களா?’ என்பது ஒன்று. ‘ஊழியர் வந்து சொட்டு விட்டுப் பார்த்தார், மஞ்சள் நிறம் வந்தது, நல்ல தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போனார். அப்புறமும் தெருவில் வயிற்றுப்போக்கு ஏன்?’ என்பது மற்றது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. குளோரின் கிருமியைக் கொல்லும் என்பதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் குளோரின், எங்கே அளந்தது என்பதில்தான் சிக்கல்.

அரசுப் பலகைகளில் உள்ள ‘பாதுகாக்கப்பட்ட குடிநீர்’ என்ற சொல்லுக்கு நடைமுறையில் என்ன பொருள்? பல இடங்களில், நீரேற்றும் இடத்திலோ தொட்டியிலோ குளோரின் போட்ட தண்ணீர் என்பதுதான். இந்திய தரநிலை ஐ.எஸ். 10500 அப்படிச் சொல்லவில்லை. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு தேவைப்பட்டால் 0.5 மில்லிகிராம், அதையும் நுகர்வோர் முனையில் அளக்க வேண்டும் என்கிறது. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது. எவ்வளவு போட்டோம் என்ற பதிவேட்டுக் கணக்கு இதற்கு விடையாகாது. எவ்வளவு மிஞ்சியது என்று குழாயடியில் பார்க்க வேண்டும்.

அந்த மிச்சத்திலும் இரண்டு வகை உண்டு. தனித்து நிற்கும் குளோரின் கிருமியை வேகமாகக் கொல்லும். அம்மோனியாவோடு பிணைந்துவிட்டால் அது குளோரமின் ஆகிவிடும்; அதன் கொல்லும் வேகம் பல மடங்கு குறைவு. அம்மோனியா உள்ள நீரில் குளோரினைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் விசித்திரமான ஒன்று நடக்கும். எடைக் கணக்கில் ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனுக்கு ஐந்து பங்கு குளோரின் வரை மிச்சம் ஏறும், ஆனால் அத்தனையும் பிணைந்த குளோரின். அதற்கு மேல் போடப் போட மிச்சம் கூடாது, குறையும்: புதிதாக வரும் குளோரின், முன்பு உருவான குளோரமினைச் சிதைக்கத் தொடங்குகிறது. ஏறக்குறைய ஏழரைப் பங்கைத் தாண்டிய பிறகே தனிக் குளோரின் தலைகாட்டும். மூக்கைத் துளைக்கும் வாடை பெரும்பாலும் இந்த இடைப்பட்ட கட்டத்தில் உருவாகும் குளோரமின் வகைகளால் வருவது. ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: வாடை தூக்கலாக இருந்தால் குளோரின் கூடிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது, பல சமயம் அது போதவில்லை என்றே பொருள்.

இனி இரண்டாவது. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. சில மணி நேரம் விட்டு நிறுத்துகிறார்கள். நிறுத்தியதும் குழாய் காலியாகி, உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைகிறது. வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் குறையும். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் ஒரு விரிசல், ஒரு தளர்ந்த இணைப்பு இருந்தால் போதும், சாக்கடை உள்ளே இழுக்கப்படும். அதில் கிருமியோடு அம்மோனியாவும் இருக்கிறது. சிறுநீரின் யூரியா சிதைந்து உண்டாவது. சாக்கடையில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம், சாதாரணமாகக் காணக்கூடிய அளவுதான். 300 லிட்டர் குடிநீரில் அது ஒரு லிட்டர் கலந்தால் நைட்ரஜன் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஆகிறது. ஐந்துக்கு ஒன்று கணக்குப்படி, தரநிலை கேட்கும் 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின் முழுவதையும் அதுவே பிணைத்துவிடும். புதுக் கிருமி வந்து சேரும் நேரத்தில் காவல் பலவீனமாகிறது. பரிசோதனைக் குப்பியில் விடும் ஆர்த்தோடாலிடின் சொட்டோ இரண்டு வகைக் குளோரினுக்கும் மஞ்சளாகிறது. தனிக் குளோரினுக்கு உடனே, குளோரமினுக்குச் சில நிமிடங்களில். வெயிலில் சூடான தண்ணீரில் இந்த இடைவெளியும் சுருங்கிவிடும். ஊழியர் பொய் எழுதவில்லை, மஞ்சள் வந்தது உண்மை. அந்த மஞ்சள் எதைச் சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குளோரமினையே வேண்டுமென்று கலக்கிறார்களே என்று விவரம் தெரிந்தவர்கள் மறுக்கலாம். உண்மைதான், நெடுந்தொலைவு குழாயில் அது நீடித்து நிற்கும். ஆனால் அங்கே கிருமி நீக்கத்தைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே முடித்து, குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும்படி வைத்துவிட்டு, அளவு பார்த்துக் கலக்கிறார்கள். விரிசல் வழி வந்த சாக்கடை உண்டாக்கும் குளோரமினை அதோடு ஒப்பிட முடியாது. கிராம ஊராட்சியில் நுணுக்கமான கருவிக்கு எங்கே போவது என்பது இன்னொரு மறுப்பு. கருவியே வேண்டாம்: டி.பி.டி. மாத்திரை தனிக் குளோரினுக்கு உடனே இளஞ்சிவப்பாகும், உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைக்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால், மஞ்சளைச் சில நொடிகளில் ஒரு முறையும் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறையும் பார்த்து எழுதலாம். நிறம் பிறகு கூடியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு? வீரியம் 33 சதவீதமாக இருந்தால் 1,000 லிட்டருக்கு 4 கிராம், லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம் குளோரின் தரும். மூட்டையைத் திறந்து போட்டு வீரியம் 10 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அதே 4 கிராம் 0.4தான் தரும்.

கொதிக்க வைத்தால்? நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

ஆர்.ஓ.? அதிலுள்ள கரி வடிகட்டி குளோரினையும் எடுத்துவிடும்; பிடித்த தண்ணீரை நாள்கணக்கில் வைக்காதீர்கள்.

குளோரினால் புற்றுநோய்? உபபொருள்கள் உருவாவது 1974 முதல் தெரிந்ததே. அதற்காகக் கிருமி நீக்கத்தைக் குறைக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

தெருவோரம் தூவும் வெள்ளைப் பொடி? சாக்கடைச் சேற்றில் பட்ட மாத்திரத்தில் தீர்ந்துபோகும், புகைப்படத்துக்கு உதவும்.

வீட்டுச் சம்ப்? கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தால், குளோரின் போடுமுன் சுவரில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.