முதல் சம்பளமும் கைப்பிடி மல்லாட்டையும்

விழுப்புரம் – புதுச்சேரி சாலையில், எல்லையை ஒட்டி இருக்கிறது கண்டமங்கலம். படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் திருபுவனை, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ கடை வேலைக்குப் போகிறார்கள். இருபது வயதில் கையில் காசு புழங்க ஆரம்பிக்கிறது. அந்த வயதில் உடம்பு எதையும் தாங்கும் என்பதால், காசு எதில் கரைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காசைக் கரைப்பவற்றில் பாதிக்கு மேல் உடம்பையும் சேர்த்தே கரைக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் இரண்டும் மிச்சம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

டீயும் ஒரு பாட்டிலும்

ஒரு நாளைக்கு நாலு டீ, மதியம் வெயிலுக்கு ஒரு கலர் பாட்டில், ஷிப்டு முடிந்ததும் பரோட்டா. எல்லாம் சேர்த்து 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வேலை நாளுக்கு 3,120 ரூபாய் ஆகிறது. வீட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொகையை எழுதிப் பாருங்கள்.

இனி சர்க்கரைக் கணக்கு. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம். நாலு டீக்கு 40. ஒரு 300 மில்லி குளிர்பானத்தில் 30 கிராமுக்கு மேல் இருக்கும். நாளொன்றுக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றுத் தட்டில் கை வைப்பதற்கு முன்பே நாம் 70 கிராமைத் தாண்டிவிடுகிறோம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நாற்பதில் தெரியவரும் நோய்க்கு இருபதிலேயே விதை விழுந்துவிடுகிறது. டீயை விடச் சொல்லவில்லை. நாலை இரண்டாக்குங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். பாட்டிலை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்.

நம் மண்ணில் விளையும் புரதம்

ஜிம்முக்குப் போகும் தம்பிகள் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புரதப் பொடி டப்பா வாங்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. காரணம், நாம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் சீமையில் பிறந்தவர்கள். திண்டிவனத்தில் 1935 முதல் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ரகங்கள் தமிழ்நாட்டைத் தாண்டியும் பெயர் பெற்றவை. பெயரில் இருக்கும் டி.எம்.வி. திண்டிவனம்தான்.

100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடியில், அதாவது 30 கிராமில், ஏழெட்டு கிராம். ஒரு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புக் குறைவாக அவித்து, டப்பாவில் போட்டு எடுத்துப் போகலாம். பதினொரு மணி டீக்குப் பஜ்ஜி தேவைப்படாது. ஆனால் கொழுப்பும் நிறைய உண்டு. கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது எதுவாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்தான். அதை வீட்டில் யாரோ வாங்கி வருகிறார்கள், நாம் ஓட்டலில் சாப்பிடுகிறோம். அந்தப் பருப்போடு, கொல்லையில் நிற்கும் முருங்கையிலிருந்து ஒரு கொத்துக் கீரையை உருவிப் போட்டால் இரும்பும் கால்சியமும் சேரும். இளம்பெண்களுக்கு ரத்தசோகை பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்த இரும்பு சரியாக உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் கால்சியம்! தொட்டுக்கொள்ள ஊறுகாயையும் மோர் மிளகாயையும் அள்ளி வைக்காமல் சின்ன வெங்காயத்தோடு நிறுத்துங்கள். ஒரு நாளைய மொத்த உப்பே 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரியில் மது விலை குறைவு என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சம்பள நாளில் வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது. விலை மலிவு என்பதால் செலவு குறைவதில்லை, அளவுதான் கூடுகிறது. திரும்பி வருவதோ நாலு வழிச் சாலையில், இரவில், பலர் ஹெல்மெட் இல்லாமல். 2023 மே மாதம் நம் விழுப்புரம் மாவட்டத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் விஷச் சாராயத்தால் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் கலந்திருந்த மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கும். குடித்தவருக்குக் கண் மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலமும் இதே கணக்கில் சேரும். இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க என்று ஆரம்பித்தவர்கள் பலர். ஷிப்டு முடிந்து வந்து, அறையை இருட்டாக்கி, கைபேசியைத் தள்ளி வைத்து ஏழு மணி நேரம் தூங்கினால் அது தேவைப்படாது.

சம்பளச் சீட்டைப் படியுங்கள்

சிக்கனம் என்றால் செலவைக் குறைப்பது மட்டும் இல்லை. ஏற்கெனவே கட்டிய பணத்துக்கு உரியதை வாங்கிக்கொள்வதும் சிக்கனம்தான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர், இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு பொருந்தும் நிறுவனத்தில் இருந்தால், அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள்; நிறுவனம் 3.25 சதவீதம் கட்டும். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 113 ரூபாய்தான். அதற்கு உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்கு கட்டியிருந்தால், நோயில் படுக்கும்போது ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். இது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் ஆயிரங்களைக் கொடுப்பவர்கள் நம்மிடையே நிறைய.

வங்கிக் கணக்கு உள்ள 18 வயது நிரம்பியவர் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். கட்டும் 20 ரூபாயோ இரண்டு டீயின் விலைதான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கக் காசு கேட்பதில்லை. வருடம் ஒரு முறை போய் வாருங்கள்.

இந்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்து, உங்கள் காப்பீட்டு எண் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்கே அலுவலகத்தில் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் தயங்காதீர்கள். அந்த எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.