கட்டுவள்ளத்தின் அறையும் பதிப்பு நெறியும்

பழைய மரக்கலத்தின் அறையைச் செப்பனிடுவோன் முன்னும், சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்போன் முன்னும் நிற்கும் வினா ஒன்றே: எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? இதனை ஆராய்தற்குக் குட்டநாட்டுக் கெட்டுவள்ளம் தக்க சான்றாகும்.

'கெட்டு' என்னும் மலையாளச் சொல் தமிழில் 'கட்டு' என்பதே. வள்ளம் இருமொழிக்கும் பொது. ஆணியின்றிப் பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்துக் கட்டுதலின் இப்பெயர் பெற்றது. கட்டுமரம் என்னும் பெயரும் இவ்வினையடியாகப் பிறந்ததே. சென்னைக்குத் துறைமுகம் அமையாத நாளில் அலைகடந்து ஆளையும் பொருளையும் கரைசேர்த்த மசூலாப் படகும் தைத்த கலமேயாம். தையல் நெகிழ்ந்து கொடுத்தலின், அலை மோதுங்கால் பலகை பிளவாது.

கெட்டுவள்ளம் நெல்லும் அரிசியும் ஏற்றிய சரக்குக் கலம். உப்பை விற்று நெல்லொடு மீண்ட பஃறியைப் பட்டினப்பாலை கூறுதல் ஈண்டு நினைக்கத்தகும். சாலைகளும் லாரிகளும் பெருகவே அதன் தொழில் குன்றிற்று. 1990களின் தொடக்கம் முதல் பழைய வள்ளங்கள் பல சுற்றுலாப் படகு வீடுகளாக மாற்றப்பட்டன. மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூரையின்கீழ்ப் படுக்கையறைகள் எழுந்தன.

இத்தகைய அறையின் மரத்தைப் பெரிதும் கெடுப்பது கடல்நீரன்று, மழைநீரே. கூரையோரத்திலும் மூலைப் பொருத்துகளிலும் தங்கும் நன்னீரால் பூஞ்சணம் வளர்ந்து மரத்தை அழுகச் செய்யும். ஆதலின் செப்பனிடுவோன் முதற்கண் நீர் புகும் வழியை அடைத்தல் வேண்டும். காற்றோடும் வழியை அடைத்தலாகாது. மேற்பூச்சால் மறைப்பின் உள்ளே அழுகல் தொடரும். இரும்பாணி அடிப்பின் அது துருவேறிச் சூழ்ந்த மரத்தையும் அரிக்கும். கெட்ட பகுதியை நல்ல மரம் காணுமளவும் வெட்டி நீக்கி, அவ்வின மரத்தையே சாய்வாகச் சீவிப் பொருத்துதல் நன்று.

ஏடெழுதினோர் செய்ததும் இதுவே. செல்லரித்த ஓலையை விடுத்துப் புதிய ஓலையிற் பாடத்தைப் பெயர்த்தெழுதினர். ஓலை மாறிற்று, நூல் நின்றது. வள்ளத்தில் பலகை ஓலை போன்றது. கட்டும் முறையே பாடம். அழுகிய ஆஞ்சிலிப் பலகைக்கு மாறாகப் புதிய ஆஞ்சிலிப் பலகை வைத்துக் கயிற்றால் தைப்பின் அது பெயர்த்தெழுதுதல். கயிற்றை விடுத்து ஆணி அடிப்பின் அது பாடத்தைத் திருத்துதல்.

பின்னாளில் எழுந்த படுக்கையறை இடைச்செருகல் ஆகாதோ எனின், அதனை உரை எனக் கொள்வதே பொருந்தும். உரை மூலத்தோடு கலவாது நிற்குமளவும் குற்றமில்லை. அறையைத் தாங்கும் கால்கள் அடிக்கலத்தின் தையலை அறுக்குமாயின், ஆண்டு உரை மூலத்தை அழித்ததாகும்.

1904இல் பதிற்றுப்பத்தை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், கிடையாத முதற் பத்தையும் இறுதிப் பத்தையும் புனைந்து நிரப்பினாரல்லர். கிடைத்த எட்டுப் பத்துகளையே தந்தார். ஏட்டில் வெற்றிடம் விடலாம். மிதக்கவேண்டிய கலத்தில் விடலாகாது. ஆதலின் புதியன சேர்த்தே ஆகவேண்டும். அங்ஙனம் சேர்த்தது எது, எவ்வாண்டிற் சேர்த்தது என்பதைப் பொறித்து வைத்தலே நேர்மையான பதிப்பு நெறியாம்.

இனி, மூலத்தை அறிவார் யார்? தைக்கும் கைகளே அறியும். சேலத்தை அடுத்த இளம்பிள்ளை கடலறியாத நெசவூர். எனினும், தறியில் நூல்சுமந்து ஓடும் நாடாவிற்கும் ஓடம் என்னும் பெயருண்மையின், நீர்த்தொழிற் சொல்லும் தறித்தொழிற் சொல்லும் உறவுடையன என்பது விளங்கும். இருதொழிலிலும் வழங்கும் சொற்களுட் பல ஏட்டில் இல்லை. தொழிலாளர் நாவில் உள்ளன. தொழில் மாறுங்கால் சொல் மறையும். சொல் மறைந்தபின் முறையை மீட்டல் அரிது. நம் முதுகலை மாணாக்கர் கலம் தைப்போரையும் தறி நெய்வோரையும் நாடிச் சென்று அச்சொற்களைத் தொகுப்பாராயின், பிற்காலத்துச் செப்பனிடுவோன்முன் வெறும் பலகை மட்டும் கிடவாது; அதனைக் கட்டும் முறையும் உடன் கிடைக்கும்.