டெட்ரிஸ் ஆடினா ரிஃப்ளெக்ஸ் வேகமாகுமா?

"பஸில் கேம் ஆடினா ரிஃப்ளெக்ஸ் நல்லாகும்னு சொல்றாங்களே, நிஜமா?" இந்தக் கேள்வி என்கிட்ட அடிக்கடி வருது. கேட்கிற பலருக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஆசை: மெட்ரோல ஆடுற அந்த அரை மணி நேரம் வீண் இல்லைன்னு யாராவது சொல்லிட மாட்டாங்களா!

முதல்ல ரியாக்‌ஷன் டைம்னா என்னன்னு பார்ப்போம். கண் பார்க்குது, மூளை முடிவெடுக்குது, கை அசையுது. இந்த மூணும் நடந்து முடிய ஆகிற நேரம்தான் அது. லைட் எரிஞ்சதும் பட்டனை அழுத்துற எளிய சோதனையிலேயே சுமார் கால் செகண்ட் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்துல போற பைக் அந்தக் கால் செகண்ட்ல 4 மீட்டருக்கு மேல போயிடும். ரோட்ல என்ன நடக்குதுன்னு புரிஞ்சு முடிவெடுக்க இன்னும் கூடுதல் நேரம் வேணும்.

இப்போ பஸிலுக்கு வருவோம். சுடோகு நாம யோசிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுமையா காத்திருக்கும். அதுல வேகத்துக்கு வேலையே இல்லை. டெட்ரிஸ் அப்படி இல்லை, கட்டைகள் விழுந்துகிட்டே இருக்கும். அப்போ டெட்ரிஸாவது உதவுமா?

2003-ல ஷான் கிரீன், டாஃப்னி பவேலியர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. கேம் ஆடிப் பழக்கமில்லாதவங்களை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு 'மெடல் ஆஃப் ஹானர்'ங்கிற துப்பாக்கிச் சண்டை கேம், இன்னொரு குழுவுக்கு டெட்ரிஸ். தினம் 1 மணி நேரம், 10 நாள். கடைசியில கவனத்தைச் சோதிச்சப்போ, சண்டை கேம் குழுதான் அதிகம் முன்னேறியிருந்தது.

இதுல கவனிக்க வேண்டியது, டெட்ரிஸை எதுக்காக வெச்சாங்கங்கிறதுதான். ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு! அதுலயும் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யணும், ஆனா ஒரு நேரத்துல ஒரு கட்டையைப் பார்த்தா போதும். சண்டை கேம்ல எதிரி எந்த மூலையிலிருந்தும் வரலாம், அதனால கவனம் திரை முழுக்கப் பரவியே இருக்கணும்.

சரி, டெட்ரிஸ்ல கில்லாடியா இருக்கிறவங்களுக்கு எந்தத் திறமை கூடுது? 2002-ல சிம்ஸ், மேயர்னு ரெண்டு பேர் இதை ஆராய்ஞ்சாங்க. உருவங்களை மனசுக்குள்ள திருப்பிப் பார்க்கிற சோதனையில, டெட்ரிஸ் கட்டைகளும் அதே மாதிரி உருவங்களும் வந்தா அவங்க முந்தினாங்க. வேற உருவங்கள் வந்தா மத்தவங்க மாதிரிதான். அதாவது, பழகினது மட்டும்தான் கைக்கு வந்தது.

அறுவை சிகிச்சை நிபுணர்களை வெச்சும் 2007-ல ஒரு ஆய்வு வந்துச்சு. முன்னாடி வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல கேம் ஆடினவங்க, லேப்ராஸ்கோப்பி பயிற்சியில 37 சதவீதம் குறைவா தப்பு செஞ்சாங்க. லேப்ராஸ்கோப்பியும் திரையைப் பார்த்துக்கிட்டே கையை அசைக்கிற வேலைதான், அதனால பொருத்தம் இருக்கு. ஆனா கேம் ஆடினதாலதான் கை தேறுச்சா, கை சுத்தமா இருக்கிறவங்கதான் கேம் பக்கம் போனாங்களான்னு இதை வெச்சு மட்டும் சொல்லிட முடியாது.

இந்த வித்தியாசம் தெரியலைன்னா காசும் போகும். மூளைப் பயிற்சி ஆப்பான லுமோசிட்டி மேல, ஆதாரமில்லாம விளம்பரம் செஞ்சதா அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டுச்சு. 2016-ல அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடிச்சுக்கிச்சு.

அதனால நான் சொல்றது இதுதான். பஸில் பிடிச்சிருந்தா தாராளமா ஆடுங்க, சந்தோஷம்ங்கிற ஒரு காரணமே போதும். ஒரு ஆப் "உங்க ரிஃப்ளெக்ஸ் 2 மடங்கு ஆயிடுச்சு"ன்னு சொன்னா, அது கேமுக்குள்ள வந்த ஸ்கோரா, வெளியில சோதிச்சதான்னு கேளுங்க. கண்ணும் கையும் ஒண்ணா ஓடணும்னா ஷட்டில் ராக்கெட்டை எடுங்க. பைக்ல போறப்போ உங்களைக் காப்பாத்தப் போறது ஹை ஸ்கோர் இல்லை. முந்தின ராத்திரி தூக்கமும், முன்னாடி போற வண்டிக்கு விடுற இடைவெளியும், பைக்குள்ள வெச்ச போனும்தான்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.