வீணைக்கு பலா மரம்... பேஸ் கிட்டாருக்கு எந்த மரம்? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

முத்துசுவாமி தீட்சிதர் சில ஆண்டுகள் தங்கியிருந்த ஊர் காஞ்சிபுரம். அவர் வாசித்த கருவி வீணை. வீணைன்னா பலா மரம்தான் என்பது நம்ம ஊரில் பலருக்கும் தெரியும். அதே நம்பிக்கையில் எலக்ட்ரிக் பேஸ் கிட்டார் வாங்கப் போனால், "இது ஆஷ் மரம், சவுண்டே தனி" என்று கூடுதல் விலை சொல்வாங்க. அதை நம்பி கொடுக்கலாமா?

வீணையில் என்ன நடக்குது?

மீட்டியதும் தந்தியின் அதிர்வு, குதிரை வழியாகக் குடத்துக்குப் போகும். குடத்தின் மேல்பலகை அதிர்ந்து காற்றை அசைக்கும். அந்தப் பலகை எழுப்பும் ஒலிதான் நம் காதில் விழுது. அதனால் மரம் மாறினால் நாதமும் மாறும்.

பேஸ் கிட்டாரில் எப்படி?

பெரும்பாலான எலக்ட்ரிக் பேஸின் உடல் குடையாத கெட்டிக் கட்டை. தந்திக்குக் கீழே 'பிக்கப்' இருக்கும். காந்தமும், அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான் பிக்கப். ஸ்டீல் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பியில் சிறு மின்சாரம் உண்டாகும். அது ஆம்ப் வழியாக ஸ்பீக்கருக்குப் போய் சத்தமாகுது. இங்கே நைலான் தந்தி போட்டால் பிக்கப்புக்கு எதுவுமே தெரியாது.

அப்போ மரத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கு, ஆனால் குறைவு. தந்தியின் அதிர்வில் கொஞ்சத்தைக் கட்டையும் கழுத்தும் வாங்கிக்கொள்ளும். சில ஸ்வரங்கள் மட்டும் சீக்கிரம் அடங்கிப்போக இது ஒரு காரணம். இதில் நீண்டு மெலிந்த கழுத்தின் பங்கே அதிகம்.

1951-ல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் ஆஷ் மரத்தில் வந்தது. பிறகு ஆல்டர் மரத்திலும் செய்தார்கள். 1980-களில் பிரபலமான ஸ்டெயின்பெர்கர் பேஸில் மரமே கிடையாது, எல்லாம் கார்பன் ஃபைபர் கலவை. அதுவும் மேடைகளில் நல்லாவே ஒலித்தது.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

* கழுத்து வளையாமல் இருக்கா? ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்வரம் நின்று ஒலிக்குதா?
* தூக்கிப் பாருங்க. சுமார் 4 கிலோவைத் தோளில் மாட்டி மணிக்கணக்கில் நிற்கணும். மரத்தால் பெரிதும் மாறுவது இந்த எடைதான்.
* சவுண்டு பிடிக்கலையா? முதலில் தந்தியை மாற்றுங்க, ஆம்ப் செட்டிங்கைத் திருப்பிப் பாருங்க. அடுத்துதான் பிக்கப்.

பட்டுப் புடவையை சில்க் மார்க் முத்திரை பார்த்து வாங்கலாம். பேஸ் கிட்டாரை மரத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்க முடியாது. கையில் எடுத்து, ஆம்பில் மாட்டி, வாசித்துக் கேட்டுட்டு காசு கொடுங்க.