மிளகு வாங்க ஆப் எதற்கு?

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகும் ஏலக்காயும் சுக்கும் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. சுற்றுலா வந்தவர் அரைக் கிலோ மிளகு வாங்கிப் போனால் வீட்டில் அது தீரப் பல மாதங்கள் ஆகும். பிறகு அதே கடையில் ஆன்லைனில் வாங்க நினைக்கிறார். அவருக்காகக் கடைக்காரர் ஆப் செய்து வைப்பதா, இணையதளம் போதுமா?

பெரிய கடைகளே இதில் தடுமாறியிருக்கின்றன. 2015 மே மாதம் ஆன்லைன் துணிக்கடையான மிந்த்ரா தன் இணையதளத்தை மூடி, இனி ஆப் மட்டும்தான் என்றது. ஆப் போனுக்குள்ளேயே குடியிருக்கும், வேகமாகத் திறக்கும், தள்ளுபடி என்று அவ்வப்போது கூப்பிட்டுச் சொல்லும். வியாபாரிக்கு ஆசை வராதா? ஆனால் ஆப்பை முதலில் இறக்க வேண்டும், அதற்கு டேட்டாவும் இடமும் வேண்டும். கடைசியில் 2016 ஜூனில் மிந்த்ராவின் கணினித் தளம் திரும்பி வந்தது.

மிந்த்ராவின் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட்டும் மொபைல் தளத்தை மூடியிருந்தது. அது 2015 நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’டாகத் திரும்பியபோதுதான் வேடிக்கை: பார்வைக்கு ஆப், உண்மையில் இணையப் பக்கம். சிக்னல் போனாலும் பக்கம் மறையாது. நிறம் மட்டும் வெளிறும்.

இந்த வித்தையைச் செய்வது ‘சர்வீஸ் ஒர்க்கர்’ என்ற சின்ன நிரல். முதல் வருகையிலேயே உலாவிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் பக்கம் எதைக் கேட்டாலும் கேள்வி இதன் வழியாகத்தான் போகும். கடை வாசலில் நிற்கும் பையன் மாதிரி, கையிருப்பில் உள்ளதை உடனே எடுத்துக் கொடுக்கும். இல்லாததற்கு மட்டும் சர்வருக்கு ஓடும். பக்கத்தை மூடிய பிறகும், வாடிக்கையாளர் அனுமதித்திருந்தால், அறிவிப்பைக் காட்டும். அப்போது லைட்டுக்கு வந்தவர்களில் 63 சதவீதம் பேர் 2ஜியில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. ஐபோனில் இத்தகைய தளங்களுக்கு அறிவிப்பு வசதி 2023 மார்ச்சில்தான் வந்தது. அதுவும் முகப்புத் திரையில் சேர்த்தால்தான். புளூடூத், பின்னணி வேலைகள் போன்றவற்றில் ஆப்பின் கையே ஓங்கியிருக்கிறது. ஆனால் மிளகு விற்க புளூடூத் எதற்கு? வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க், ஒரு தட்டல், பணத்துக்கு யூபிஐ. அவ்வளவு போதும்.

தினம் பால், காய்கறி விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ஆப் போனில் பிடிக்கும் இடத்துக்குத் தகுந்த பலன் தரும். மசாலாக் கடைக்காரர்களே, ஆப் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், ஒரு வாடிக்கையாளர் வருஷத்தில் எத்தனை முறை வாங்குகிறார் என்று பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.